காயாரோகணத்தின் குத்தூசி

வாயில் ஒரு நெல்லைப் போட்டு நறுக்கென்று கடித்துக்கொண்டேதான் காயாரோகணம் என் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குள் நுழைவார். "வெறும் வயிறாண்ணே?" என்று கேட்டால், "நெல்லு கணக்குல வராது பாய், துப்பிடுவேன்" என்பார். நாற்காலியில் உட்காரமாட்டார். ஊசி ஏறும்போதுகூட ஒரு கால் வாசற்படியில் இருக்கும்.

கீழ்வேளூர் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் அவருக்கு வேலை. வருகிற மூட்டையில் இரும்புக் குத்தூசியைச் செருகி, நடுவிலிருந்து நாலு நெல்லை உருவி எடுப்பார். ஈரம் பார்க்க மிஷின் இருக்கிறது. அதை அவர் மதிப்பதில்லை. பல்லில் வைத்ததுமே, "பத்தொம்பது. பதினேழத் தாண்டிடுச்சு, திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்பார். மிஷினும் அதையேதான் சொல்லும். குத்தூசி எப்போதும் இடுப்பில் இருக்கும். மளிகைக் கடை அரிசி மூட்டையையும் பழக்கதோஷத்தில் குத்திப் பார்த்துத் திட்டு வாங்கிய மனிதர்.

போன புரட்டாசியில் நாகப்பட்டினத்தில் வைத்து மாரடைப்பு. மூன்று முறை ஆட்சி மாறியும் முடியாத கோயில் நிலக் குத்தகை வழக்கு அவருடையது. வாய்தாவுக்குப் போனவர் கோர்ட்டுப் படிக்கட்டிலேயே சாய்ந்துவிட்டார். அன்று சர்க்கரை முந்நூற்றுப் பத்து. பிழைத்ததே பெரிது. அடிபட்ட இதயம், சர்க்கரை இறங்காவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பிறகு மாதம் ஒருமுறை என்னிடம் சோதனை. தொண்ணூற்றெட்டு, நூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து. டாக்டர் மகிழ்ந்துபோய் மாத்திரையைப் பாதியாக்கினார். நானும் மகிழ்ந்தேன், மடையன்.

தை பிறந்ததும் அவர் மனைவி கமலவல்லி தனியாக வந்தார். "டெஸ்டுக்கு மூணு நாள் இருக்கையிலயே சோத்த நிறுத்திடுறாரு பாய். கீரையும் மோருந்தான். வாய்க்கா கரையையே சுத்திச் சுத்தி நடக்குறாரு. ரிசல்ட்டு வாங்குன அன்னைக்கே அல்வா பொட்டலம் வந்துடுது. கால்ல ஒரு புண்ணு, ரெண்டு மாசமா ஆறல."

அடுத்தமுறை வந்தபோது கேட்டுவிட்டேன். துளி வெட்கம் இல்லை மனிதருக்கு. "சென்டருக்கு எவன் பாய் நெல்ல அப்படியே கொண்டாறான்? ரெண்டு நாள் ரோட்டுல காயப்போட்டுத்தான கொண்டாறான். நம்பரு பாஸாவணும்ல?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மூட்ட வாயில காஞ்ச நெல்லு, நடுவுல ஈர நெல்லுன்னு தச்சுக் கொண்டாந்தா விட்டுடுவீங்களா?"

"அதுக்குத்தான குத்தூசி வச்சிருக்கேன்."

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்குண்ணே. மூணு மாசமா சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு ஒரே டெஸ்ட்டுல சொல்லிடும். இப்பவே எடுக்கவா?"

வாயிலிருந்த நெல்லைத் துப்பினார். "இன்னைக்கு வாய்தா இருக்கு பாய்" என்று கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் உள்ளே வரவில்லை. அவர் சைக்கிள் மட்டும் போகும், வரும். என் வாசலில் மணி அடிக்கும், நிற்காது. பயப்படுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பாதி மாத்திரை, முழு அல்வா, ஆறாத புண். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

முந்தாநாள் மதியம் வெற்றிலை போட்ட வாயோடு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூடிய கையை என் மேஜைமேல் விரித்தார். நாலைந்து நெல், ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முளை.

"இன்னைக்கு சென்டருக்கு வந்த மூட்ட. மேல பதினாறுதான் பாய், கையில எடுத்தா கலகலன்னு உதிருது. நடுவுல குத்துனா இது வருது. பாத்தோன்ன எனக்கு..." குனிந்து காலிலிருந்த புண்ணைப் பார்த்தார்.

"வெறும் வயிறாண்ணே?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"இல்ல. அப்படியே கொண்டாந்துருக்கேன்."

இடுப்பிலிருந்த குத்தூசியை எடுத்து முளைத்த நெல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை என் பக்கம் நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.