குறையைச் சொல்லி விற்ற குற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா என்று எங்கள் வீட்டில் காரசாரமான விவாதம் ஓடிக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால்... ஜெயக்கொடி!

ஜெயக்கொடி என் மனைவி அம்பிகாவின் தங்கை. பண்ருட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்திருக்கிறாள். எப்போது வந்தாலும் கேட்டைத் திறக்கும்போதே சிரிக்கிறவள், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாமா, போலி மருந்து விக்கிறேன்னு சொல்றாங்க மாமா என்னை. நீங்க பேப்பர்ல எழுதுறவருதானே... இன்னான்னு கேளுங்க!"

அவள் விற்பது மருந்து இல்லை. பலாக்கொட்டை மாவு. சுளையைத் தின்றுவிட்டு நாம் தூக்கிப் போடுகிறோமே, அந்தக் கொட்டையைச் சேர்த்து, தோலுரித்து, காயவைத்து, வறுத்து அரைக்கிறாள். ஆன்லைன் சந்தை ஒன்றில் இரண்டு வருடமாகக் கடை போட்டிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் கூட வேலை பார்க்கிறார்கள். கஞ்சி வைக்கலாம், தோசை மாவில் கலக்கலாம். நன்றாகவே இருக்கும்.

சரி, எங்கே வந்தது வம்பு? ஆன்லைனுக்கு வரும் முன்னால் அவள் பத்து வருடம் பலாப்பழ மண்டியில் உட்கார்ந்தவள் — அங்கேதான் வந்தது!

மண்டியில் அவர்களுக்கு ஒரு பழக்கம். பழத்தின் குறையை முதலில் சொல்லிவிடுவார்கள். "இது ஒரு பக்கம் அடிபட்ட பழம்ணே", "இது இன்னும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெட்டணும்" என்று வாங்குகிறவர் கேட்கும் முன்பே கொட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகு சண்டை வரக்கூடாது பாருங்கள். நேர்மையும் இருக்கிறது, முன்ஜாக்கிரதையும் இருக்கிறது.

அதே பழக்கத்தில் ஆன்லைனிலும் தன் மாவைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தாள்:

'ரொம்ப வெள்ளையாக இருக்காது. ஈர ஸ்பூன் போட்டால் பூச்சி பிடிக்கும். அதிகம் சாப்பிட்டால் வாயுத் தொல்லை வரும். இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகாது.'

விளம்பரமா இது? எதிர்க்கட்சி அறிக்கை மாதிரி இல்லை?

கடைசி வரிதான் மாட்டிக்கொண்டது. அந்த வெப்சைட்டில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க மனுஷன் கிடையாது, புதிதாக ஒரு ஃபில்டர் வந்திருக்கிறது. அதன் கையில் ஒரு தடை லிஸ்ட். மாவு விற்கிற இடத்தில் 'நோய்' என்று ஒரு வார்த்தையைப் பார்த்ததும் விசில் ஊதிவிட்டது. 'நோயைக் குணப்படுத்துவதாகக் கூறும் பொருள்' என்று முத்திரை குத்தி மாவை இறக்கிவிட்டது. இப்படி மூன்று முறை மாட்டினால் கடையே நிரந்தரமாக மூடப்படுமாம். இது முதல் முறை.

"பூ... இவ்வளவுதானா?" என்றேன். முப்பது வருடமாக எழுதுகிறவன் இல்லையா? ஒரு வரியை மாற்றத் தெரியாதா எனக்கு?

'நோய்' என்ற வார்த்தையை எடுத்தேன். 'டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்' என்று போட்டேன். எவ்வளவு பொறுப்பான வாக்கியம்! பெருமையோடு பட்டனைத் தட்டினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வந்தது. 'உங்கள் பொருள் மருந்து வகையைச் சேர்ந்தது. இது இரண்டாவது எச்சரிக்கை.'

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். நான் இட்லியைப் பார்த்தேன்.

"முப்பது வருஷ அனுபவம்..." என்றாள் அம்பிகா, சட்னிக் கிண்ணத்தை நகர்த்தியபடி.

உதவி மையத்துக்கு எழுதினோம். அங்கேயும் மெஷின்தான். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள்?' என்று கேட்டது. ஜெயக்கொடி வானத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். அதை இங்கே எழுதினால் இந்தப் பத்தியும் மூன்றாவது எச்சரிக்கையில் போய்விடும்.

வயிற்றெரிச்சலில் அதே சந்தையில் மற்றவர்கள் என்ன விற்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஒருவர் ஏதோ ஒரு பொடி விற்கிறார். 'உங்களுக்குள் இருக்கும் இனிப்பான எதிரிக்கு நாற்பது நாளில் டாட்டா!' என்று எழுதியிருக்கிறார். நோய் இல்லை, மருந்து இல்லை, டாக்டர் இல்லை... ஃபில்டருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஜாம்ஜாமென்று விற்கிறது!

கடலூர் முதுநகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் சாதிக்குக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவர் சிரியோ சிரி என்று சிரித்தார்.

"நீங்க வேற. நான் அருவாமணையப் போட்டேன்... ஆயுத விற்பனைன்னு தூக்கிட்டான். கத்தரிக்கா நறுக்குறதுன்னு எழுதினேன். அப்பவும் வுடலியே!"

கல்யாணச் சீரில் அரிவாள்மணை வைத்துக் கொடுத்த ஊர் இது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் சம்பந்திகள் எல்லோருமே ஆயுதக் கடத்தல்காரர்கள்தான்.

ஒன்று கவனித்தீர்களா? ஏமாற்றுகிறவனுக்கு எந்த வார்த்தையைத் தவிர்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அதுதானே அவன் தொழில்! உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்தான் வாயைத் திறந்ததும் மாட்டுகிறார்.

"சரி ஜெயக்கொடி, பேசாம அந்த வரியையே எடுத்துடு. மாவுன்னு மட்டும் போடு" என்றேன்.

"அது மட்டும் முடியாது மாமா."

"கடை போயிடும்மா. ரெண்டு வருஷ உழைப்பு!"

"போனா போவுது" என்றாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு நெய்வேலியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்திருக்கிறார், நன்றி சொல்ல. 'உன் மாவு வந்ததுலேருந்து சுகர் மாத்திரையைத் தொடறதே இல்லம்மா' என்று சந்தோஷமாகச் சொன்னாராம்.

"மாமா, நான் அப்புடிச் சொல்லவே இல்ல, அவரா நெனச்சிக்கினாரு. அரை மணி நேரம் கெஞ்சினேன். அவுங்க மருமவகிட்டயும் பேசினேன். அன்னிக்குத்தான் அந்த வரியப் போட்டேன். இன்னும் எத்தினி பேரு இப்புடி நெனச்சிக்கினு இருக்காங்களோ..."

எனக்கு வெட்கமாக இருந்தது. கடையைக் காப்பாற்ற நான் வழி தேடிக்கொண்டிருக்கிறேன். அவளோ முகம் தெரியாத ஆட்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

அம்பிகாதான் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"ஏங்க... கீழே கஸ்டமர் கேள்வி கேக்குற எடம் ஒண்ணு இருக்கே. அவ எழுதினாத்தானே தப்பு? நீங்க கேளுங்க. அவ பதில் சொல்லட்டும்."

மின்னல் மாதிரி யோசனை! அந்த வரி இல்லாமல் மாவை மறுபடி ஏற்றினோம். இந்த முறை ஃபில்டர் விட்டுவிட்டது. என் போனிலிருந்து நான் கேள்வி எழுதினேன்: 'இதைச் சாப்பிட்டால் சுகர் குறையுமா?' கேள்வி பக்கத்தில் ஏறியது.

இனி ஜெயக்கொடியின் பதில். மாட்டினால் மூன்றாவது எச்சரிக்கை... கடை க்ளோஸ். விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "போடுடி" என்றாள் அம்பிகா.

'குறையாது.'

அவ்வளவுதான் எழுதினாள். காத்திருந்தோம். இட்லி ஆறி அவலாகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம்... ஒன்றும் நடக்கவில்லை. தடை லிஸ்ட்டில் அந்த வார்த்தை இல்லை போலிருக்கிறது. எந்த வியாபாரி தன் பொருளைப் பற்றி அப்படி எழுதுவான் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

ஜெயக்கொடி சிரித்தாள். ஆறிப்போன இட்லி ஆறு சாப்பிட்டாள். போகும்போது, "கேள்விய நல்லா நறுக்குன்னு கேட்டீங்க மாமா. எழுதுறவரு எழுதுறவருதான்" என்று சர்ட்டிஃபிகேட் வேறு கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியை நான் யோசித்து எழுதவில்லை. இரண்டு மாதமாக அது என் மனசுக்குள்ளேயே இருந்தது. காலையில் மாவுக் கஞ்சி, என் சுகர் மாத்திரைக்கு லீவு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மச்சினியிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை இருந்தது, ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தது. அம்பிகா பாட்டுக்குச் சாம்பார் ஊற்றினாள்.

ஃபில்டர் எழுதிய வார்த்தையைத்தான் பிடிக்கும். எழுதாததைப் பிடிக்க வீட்டில் ஆள் இருக்கிறது!