முதற்சொல் என்னுடையது

களுவாஞ்சிக்குடியில் அரிசி ஆலை கட்டினேன். ஒரு கச்சான் காற்று அதன் கூரையைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் போட்டது, திரும்பவும் கட்டினேன். வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில், மாடும் இறங்கப் பயந்த சேற்றுப் பள்ளத்தைத் திருத்தி, அந்த வயல்வட்டை முழுவதிலும் நல்ல வயலாக்கினேன். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு ஆட்கள் கால் வைக்கத் தயங்கிய மண்ணில், மகளுக்கு மாடிவீடு எழுப்பினேன். இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலை.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று சேர வேண்டும். என் பேத்தியின் முதற்சொல். அதற்குத்தான் வீட்டில் விடமாட்டோம் என்கிறார்கள்.

வருகிற கிழமை அவளுக்கு முதலாம் பிறந்தநாள். மருமகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பள்ளிக்கூட ஆசிரியர். பிறந்தநாளுக்குப் போட்டுக் காட்டக் கைபேசியில் ஒரு படம் தொகுத்திருக்கிறார். அதில் பூவெல்லாம் சுற்றி எழுதியிருக்கிறது: "எங்கள் செல்லத்தின் முதற்சொல் – அம்மா."

பொய்!

காலைகளில் அவள் என் மடியில்தான் இருப்பாள். வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரனோடு நான் அப்போது தொலைபேசியில் பேசுவேன். அவன் ஒரு சேதியைச் சொன்னால் அடுத்ததைச் சொல்ல ஒரு வெற்றிலை மென்று முடிய வேண்டும். நான்தான் அவனைத் தள்ள வேண்டும்.

"தண்ணி வந்திற்று, போடியார்."

"மறுகா?"

"பண்டியும் வந்திற்று."

"மறுகா?"

பிறகு என்பதற்கு எங்கள் பக்கம் மறுகா என்போம். அந்தச் சொல் இல்லாவிட்டால் முல்லைக்காரன் வயலுக்குள் வந்த பன்றியோடு நின்றுவிடுவான். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தேநீர் நேரத்தில், கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்:

"ம்மகா?"

நான் துள்ளி எழும்பினேன். "கேட்டீங்களா? மறுகா எண்டு கேக்காள்!"

"அப்பா, அவள் என்னப் பாத்துத்தான் சொன்னவள். அது அம்மா," என்றாள் மகள். "மில்லு உங்கட பேர்ல, வயல் உங்கட பேர்ல. என்ட பிள்ளட வாயையும் எழுதப் பாக்கிறீங்களா?"

மருமகன் மதிலில் இருந்த காகத்தைக் காட்டினார். "மாமா, உது மறுகாவும் இல்லை, கிறுகாவும் இல்லை. அம்மா, காகம் எண்டு வசனமே சொல்லுறாள்."

ஒரு வயது ஆகாத பிள்ளை வசனம் சொல்கிறதாம்! படித்தவர்கள் சொன்னால் எல்லாம் எடுபடும்.

நான் விட்டுவிட்டேன் என்று நினைத்தார்கள். காத்திருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் மருமகன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலுள்ள தன் தாயோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்றேன்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தனான், அம்மா. வழியிலை நல்ல மழை," என்றவர், தேநீரை ஒரு வாய் குடிக்க நிறுத்தினார். பிள்ளை அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். தலையைச் சற்றுத் தூக்கினாள், நான் தூக்குவது போலவே.

"ம்மகா?"

"என்னவாம் என்ரை குஞ்சு?" என்று கேட்டா சம்பந்தி.

மருமகன் யோசிக்கவே இல்லை. "பிறகு என்ன நடந்தது எண்டு கேக்கிறாள், அம்மா."

சொல்லிவிட்டுத்தான் என்னைக் கண்டார். தேநீர் புரைக்கேறிவிட்டது. முதுகில் தட்டிவிட்டேன். "மறுகா, மருமகன்?" என்றேன். உள்ளே மகள் சிரித்த சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

ஆனாலும் இன்று காலை பார்த்தேன், படத்தில் அம்மாதான் இன்னும் பூவுக்குள் இருக்கிறாள். "இனி மாத்தேலாது மாமா, பாட்டெல்லாம் போட்டாச்சு," என்கிறார். கூரை பறந்த ஆலையை நான் மாற்றிக் கட்டவில்லையா?

பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து யாரும் எதையும் எழுதியதில்லை. என்னைப் பார்த்துப் படித்த முதல் ஆள் இவள்தான். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மாவுக்கு இரண்டாம் இடம் தரலாம். காகத்துக்கும் ஒரு மூலை தரலாம். மேலே இப்படி வர வேண்டும்: "முதற்சொல் – மறுகா. அம்மப்பாவின் மடியில் படித்தது." எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி போடாமலே நான் வாசிக்க வேண்டும்.