அப்பா ஜட்ஜான சாயங்காலம்

கஞ்சி வாசனை...

மலையாளச் சீமையில, வலியசாலையில எங்காத்துல ஞாயித்துக்கிழமைன்னா அதான். வடிச்ச கஞ்சியில, அம்மா கோர்ட்டுக்குக் கழுத்துல கட்டிக்கற வெள்ளைப் பட்டியெல்லாம் ஊறிண்டிருக்கும். அயர்ன் பண்றது அப்பா டிபார்ட்மென்ட். வேற யாரும் தொடப்படாது!

அம்மா லீகல் எய்ட் வக்கீல். ஃபீஸ் கொடுக்க வழியில்லாதவாளுக்கு சர்க்கார் ஏற்பாட்டுல வாதாடறது. அதனால முன் ரூம்ல எப்பவும் யாராவது உக்காந்திருப்பா. எங்களுக்கு அதெல்லாம் பழக்கம்.

அப்படி வந்தவதான் செல்வி.

பொன்முடி மலையில தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கறவ. புருஷன் தவறிட்டான். நாலு வயசுப் பொண்ணை வித்துராவுல தன் வீட்டுக்குக் கூட்டிண்டு போன மாமனார் திருப்பி அனுப்பவே இல்லை. மாசக்கணக்கா கண்ணுல காட்டலை.

கேஸ் திங்கக்கிழமை காலம்பற. பொன்முடி பஸ்ஸை நம்ப முடியாதே... "முந்தின நாளே நம்மாத்துக்கு வந்துடு"ன்னுட்டா அம்மா.

வந்தவ காபி டம்ளரை வாயில வைக்காமலே கீழே வெச்சா.

"கோர்ட்டுல எல்லாரும் மலையாளம் பேசுவாங்க மேடம். கருப்பு கோட்டைப் பாத்தாலே எனக்கு வாய் ஒட்டிக்குது."

அப்பா சட்டுனு எழுந்தார். "அவ்ளோதானே? இங்கேயே ஒரு கோர்ட்டு போட்டுடலாம்!"

பனியனோட அப்பா ஜட்ஜ். எட்டாங்கிளாஸ் படிக்கற நான், அம்மாவோட கவுனை மாட்டிண்டு, எதிர்க்கட்சி வக்கீல். கவுன் தடுக்கி விழப் பார்த்தேன். அப்பா சப்பாத்திக் குழவியால மேஜையைத் தட்டி "ஆர்டர் ஆர்டர்"ங்கறார்.

"எந்த ஜட்ஜ் இப்படித் தட்டறார்? நான் பார்த்ததே இல்லை"ன்னா அம்மா.

நான் குரலைக் கனமாக்கிண்டு, "எஸ்டேட்ல குழந்தையை எப்படி வளர்ப்பே?"ன்னு கேட்டேன். செல்வி எங்கம்மா முகத்தைப் பார்த்தா.

"நான் சொல்லித் தரமாட்டேன் செல்வி. நிஜத்தை பயப்படாம சொல்லிப் பழகு, போறும்."

செல்வி "அது வந்து..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டா.

அப்பாதான் மெதுவா, "பொண்ணு ரொம்பப் படுத்துவாளோ?"ன்னார்.

அவ்ளோதான்! செல்விக்கு சிரிப்பு வந்துடுத்து. "அதை ஏன் சார் கேக்குறீங்க! க்ரெஷ்ஷுல விட்டுட்டு கொழுந்து கிள்ளப் போனா, ஜன்னல்ல ஏறி நின்னு 'ஏ செல்வி'ன்னு பேர் சொல்லிக் கூப்பிடும். என் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வரும்..." பேச்சு நிக்கவே இல்லை. சொல்லிண்டே அழுதா. அழுதுண்டே சிரிச்சா.

ஸ்கூல் லீவு. மறுநாள் நானும் அப்பாவும் கோர்ட் வராந்தாவுல நின்னோம். உள்ள நடந்ததை அம்மா அப்புறம் சொன்னா.

ஜட்ஜ் ஒரு மலையாளி அம்மா. செல்வி திணறினதைப் பார்த்து, "தமிழில் பறஞ்ஞோளூ, எனிக்கு மனசிலாவும்"னாராம். செல்வியும் தமிழ்லயே மடமடன்னு சொல்லிட்டா. அப்புறம் ஜட்ஜ், மாமனார் கூட்டிண்டு வந்திருந்த குழந்தையைக் கூப்பிட்டிருக்கார். அது செல்வியைப் பார்த்துட்டு, "அம்மா எவிடெ போயி?"ன்னுதாம். வித்துராவுல மலையாளம் பழகிடுத்து!

"நான் எங்கயும் போகலடி"ன்னு செல்வி கையை நீட்ட, ஓடிப்போய் ஒட்டிண்டுடுத்தாம்.

குழந்தை தாயார்கிட்ட, தாத்தா வந்து பார்த்துக்கலாம்னு ஆர்டர் ஆச்சு. மாமனார் வெளியில வந்து தூண்ல சாஞ்சு நின்னார். பையனையும் இழந்தவர்தானே... செல்விதான் கிட்டப் போய், "மாமா, சாப்பிடாம போகாதீங்க"ன்னா. ஹோட்டல்ல எல்லாரும் ஒரே மேஜை. தாத்தா பூரியைப் பிச்சு ஊட்ட, செல்வி மடியில உக்காந்து தின்னுத்து அது. எங்கம்மாவுக்கு ஒரு கேஸ் ஜெயிச்சதை விட அந்த மேஜைதான் பெரிசு. இன்னிக்கும் சொல்லுவா.

இப்போ அப்பா இல்லை. அம்மா என்னோட ஃப்ளாட்டுல. கோர்ட் ஹியரிங்கே மொபைல்ல நடக்கறது. யாராவது வரதுன்னா முன்கூட்டி வாட்ஸ்அப். கெஸ்ட் ரூம்னு தனியா ஒண்ணு இருக்கு... டிரெட்மில் நிக்கறது அதுல.

போன வாரம் காலிங் பெல் அடிச்சது. நான் எழுந்துக்கறதுக்குள்ள அம்மா தலையை ஒதுக்கிண்டு வாசலுக்குப் போயிட்டா. பார்சல் கொண்டு வந்தவர்.

"சாப்ட்டியாப்பா?"

"கழிச்சு அம்மே"ன்னார், சாப்ட்டாச்சாம். சிரிச்சுட்டு லிஃப்டுக்கு ஓடினார்.

அம்மா கதவைச் சாத்தாம, வேற யாராவது வராளான்னு படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தா.