எருமைக்கு முன்னால ஒரு மாண்டலின்

கல்யாணமாகிப் பாலசமுத்திரத்துக்கு வந்தப்போ என்கூட அண்டா வந்தது, குண்டான் வந்தது, குத்துவிளக்கு வந்தது. மாண்டலின் மட்டும் வரல. சித்தூர்ல அம்மா வீட்ல நான் வாசிச்சுக்கினு இருந்தது எங்க அண்ணனோடது. அவன் நாடகத்துக்கு வாசிக்கிறவன், அதுதான் அவனுக்குச் சோறு. "எடுத்துக்கினு போறியா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டான், பாவம். கேக்கும்போதே அதைக் கெட்டியா அணைச்சுப் புடிச்சுக்கினுதான் கேட்டான்.

மாண்டலின் வாசிக்கிறவங்களுக்கு இடது கை விரல் நுனியில காய்ப்பு இருக்கும். ஒரு வேர்க்கடலை அறுவடை முடியறதுக்குள்ள என்னோடது கரைஞ்சு, விரல் பூ மாதிரி ஆயிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா கையே மறந்துடும்னு எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. அதனால மோர் கடையும்போது மத்துக் காம்புல, குழம்பு கிண்டும்போது கரண்டிக் காம்புல விரலை ஓட்டிக்கினே இருப்பேன்.

ஒருநாள் அத்தை, அதாவது என் மாமியார், பாத்துட்டாங்க. "இன்னாடி, கரண்டிக்குக் கைகால் புடிச்சு உடறியா?"ன்னு கேட்டாங்க. மூடி மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. கண்ணுல தண்ணியோட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க கரண்டிய வாங்கித் தானே குழம்பைக் கிண்டினாங்க. கடலை வித்த பணம் வந்த அன்னிக்குத்தான் வாயத் தொறந்தாங்க. "வர சந்தையில எருமை புடிக்கணும். அதுக்கு முன்னால திருப்பதி போயி உன் பாட்டுப் பொட்டிய வாங்கினா வாங்கினதுதான். சந்தை வந்துட்டா பணம் எருமைக்கு. அப்பால என்னைக் கேக்காத." அவங்க சொன்னா சொன்னதுதான். என் வீட்டுக்காரர் இதுல தலையே கொடுக்கல, புத்திசாலி.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். ஆந்திரா தனி ஸ்டேட்டாகி, எந்த ஊரு எந்தப் பக்கம்ங்கிற எல்லைத் தகராறு ஓயாம ஓடிக்கினு இருந்த காலம் அது. எங்க ஊரு, திருத்தணி எல்லாம் அப்போ ஆந்திரா பக்கம் இருந்தது. பஸ்ஸுலயும் அதே பேச்சு. திருத்தணி மெட்ராஸுக்குத்தான்னு ஒருத்தர், உட்டுடுவோமான்னு இன்னொருத்தர். நடுவுல மாட்டிக்கின அத்தை, "எந்த ஸ்டேட்ல கட்டினாலும் எருமை புல்லுதான் துன்னும். ரெண்டு பேரும் கொஞ்சம் நவுந்து குந்துங்க"ன்னாங்க.

திருப்பதியில கோயில் தெருவுல ஒரு வாத்தியக் கடை. மிருதங்கம், ஆர்மோனியத்துக்கு நடுவுல ரெண்டே மாண்டலின் தொங்குச்சு. ஒண்ணு பளபளன்னு, வயித்துல மயில் படம் போட்டது. அத்தைக்குக் கண்ணு அதுலயே நின்னுடுச்சு. நான் அதை வாங்கிக் கண்ணுக்கு நேரா நீட்டிக் கழுத்தைப் பாத்தேன். நடுவுல லேசா வளைஞ்சு கிடந்தது. கழுத்துல வரிசையா பதிச்சிருக்கிற மெட்டுக் கம்பிங்கள்ல ஒவ்வொண்ணா அழுத்தி மீட்டினேன். நாலஞ்சு எடத்துல தந்தி கரகரன்னு இழுத்துச்சு. மேல போகப் போக சுருதியும் சேரல.

"மயிலு நல்லாத்தான் கீது அத்த. ஆனா பாடாது"ன்னேன்.

"மயிலு எந்த ஊர்லடி பாடிச்சு?"ன்னாங்க.

இன்னொண்ணு பழுப்பு நிறம். ஓரத்துல ஒரு கீறல், பாக்க அழுமூஞ்சி. கழுத்து மட்டும் நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்தது. எட்டுத் தந்தியும் சோடி சோடியா சொன்ன பேச்சுக் கேட்டுச்சு. முறுக்கின சாவி முறுக்கின எடத்துல நின்னுச்சு. அவசரமா ஒரு மோகனத்தை வாசிச்சேன். விரல் நுனி எரிஞ்சுது. எரியட்டுமே! அந்தக் கடையிலயே உக்காந்து அழலாமான்னு இருந்தது, அவ்ளோ சந்தோஷம். அத்தை தன் பங்குக்கு அதை வாங்கி, பானை வாங்கறப்ப செய்யற மாதிரி விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டி, காதை வெச்சுக் கேட்டாங்க. "நல்லா வெந்து கீது. இதையே வாங்கு"ன்னாங்க.

அப்பால பேரம். எங்க பக்கத்துல வீட்ல தமிழ்தான், ஆனா பேரம்னா தெலுங்கு. தமிழ்ல பேசினா ஒட்டுறவு வந்துடும், வெலை கொறையாதுன்னு ஒரு நம்பிக்கை. அத்தை "இதி எந்தண்டி?"ன்னு வெலை கேட்டு ஆரம்பிச்சாங்க. கடைக்காரர் ஒரு வெலை சொன்னாரு. எங்க கையில இருந்ததுக்குள்ளதான், ஆனா இடிச்சுப் புடிச்சு. அத்தை பாதியக் கேட்டாங்க. அவர் "ஒக்கே ரேட்டு அம்மா"ன்னு, ஒரே வெலைதான்னு சொல்லிட்டு, பேப்பரை விரிச்சுட்டாரு.

அத்தை என் கையைப் புடிச்சு வெளிய இழுத்தாங்க. எனக்கு இது தெரியும். எங்க சந்தையில யாரும் ரெண்டு தடவைக்கு மேல வெலை கேக்க மாட்டாங்க. கிளம்பி நடக்கணும். திரும்பிப் பாக்கக் கூடாது, ரொம்ப வேகமாவும் போகக் கூடாது. பத்தடிக்குள்ள "வாம்மா, வாம்மா"ன்னு குரல் வரும்.

நடந்தோம். பூக்கடை தாண்டினோம். குரல் வரல. பாத்திரக்கடை தாண்டினோம். வரல. அத்தை நின்னு, மெட்டியச் சரி பண்ணாங்க. நல்லாத்தான் இருந்த மெட்டி. அப்பால கால்ல முள்ளுன்னு சொல்லி, இல்லாத முள்ளைத் தேடினாங்க. புளிக்கடையில வெலை கேட்டாங்க. எங்க வீட்ல புளி மூட்டையாக் கிடக்குது! தெரு முனையும் வந்துடுச்சு. கூப்பிட ஆளில்ல.

"திருத்தணிக் கடைக்காரனா இருந்தா இந்நேரம் ஓடியாந்திருப்பான். அதான் நம்ம ஊரை மெட்ராஸ்லயே சேத்துடணும்ங்கிறது"ன்னு அத்தை முணுமுணுத்தாங்க.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. "அவரு பேப்பர் படிச்சுக்கினு கீறாரு அத்த! நம்ம போனதே அவருக்குத் தெரியாது! இன்னிக்கு உட்டா எனக்கு இனிமே ஏது? நான் போயி வாங்கியாறேன்"னு நடுத்தெருவுல கத்திட்டேன். மாமியார் கிட்ட நான் குரல் உசத்தின மொத நாள் அது.

அத்தை என் விரலைப் பாத்தாங்க. நுனியெல்லாம் செவந்து கிடந்தது. நடந்துட்டு திரும்பிப் போனா அந்தப் பொம்பளைய அதுக்கப்புறம் எந்தக் கடைக்காரனும் மதிக்க மாட்டான்னு ஊருக்கே சொன்னவங்க அவங்க.

"நீ இங்கயே நில்லு. பின்னாலயே வராத"ன்னு முந்தானைய இழுத்துச் சொருகிக்கினு போனாங்க.

நான் நிப்பேனா? பாத்திரக்கடை தூண் வரைக்கும் போயிட்டேன். உள்ள அத்தை குரல், தமிழ்ல: "தம்பி, எம் மருமவ கை சும்மா கெடந்து கெட்டுப்போவுது. நீ சொன்ன வெலையே வெச்சுக்கோ. நல்லா சுத்திக் குடுப்பா." அவரும் தமிழ்லதான் பதில் சொன்னாரு: "குந்துங்கம்மா, உறை போட்டுத் தரேன்."

ஓடி வந்து முனையில நின்னுக்கினேன். அத்தை மாண்டலினைக் கைக்குழந்தையாட்டம் இடுப்புல வெச்சுக்கினு, தலையை நிமித்திக்கினு வந்தாங்க. மூச்சு வாங்குச்சு.

"கூப்ட்டான்டி. தொண்டை கிழியக் கூப்ட்டான். நாந்தான் போனா போவுதுன்னு போனேன். உனுக்குக் கேக்கல?"

"கேட்டுச்சு அத்த"ன்னேன். "எனுக்கும் நல்லாக் கேட்டுச்சு."