திராட்சை மரத்தின் உயரம்

என் சித்தப்பா பிரெஞ்சு தேசத்தைப் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குவார். அதுதான் அவர் கண்ட எல்லை. பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பாண்டிச்சேரிக்குக்கூட அவர் போனதில்லை. எல்லையில் சுங்கக்காரன் மூட்டையைப் பிரித்து உதறிக் காட்டச் சொல்வான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாதவன் எதிரில் தம் பழைய வேட்டியை உதறிக் காட்டுவதா என்று நின்றுவிட்டார். ஆனால் பிரெஞ்சு தேசத்தில் ஒயின் வடிக்கிற சீமையைப் பற்றி மாதம் ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருந்தார்.

'திராட்சைத் தோப்பு மர்மங்கள்' என்று அதற்குப் பெயர். விழுப்புரத்தில் ஒரு சின்ன அச்சாபீஸில் அச்சாகி, ஜங்ஷனில் வண்டி மாறுகிறவர்களிடம் விற்கும். துப்பறிகிறவர் முசே நாகலிங்கம், பிரெஞ்சு மரியாதைக்கு முசே போட்டுக்கொண்ட பாண்டிச்சேரித் தமிழர்; வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி வைத்திருப்பார். அவருக்கு உதவியாளாகப் பிச்சைமுத்து என்று பத்தொன்பது வயதுப் பையன். மாதம் தவறாமல் அந்தத் தோப்பில் ஒரு கொலை விழும்.

வீட்டில் புத்தகத்தை உரக்கப் படிக்கிறவள் நான். அம்மாவும் சித்தியும் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார்கள். எனக்குப் பரீட்சை என்றாலே காய்ச்சல் கண்டுவிடும். அப்படிக் காய்ச்சல் கண்ட ஒரு பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். பெண் பிள்ளையை நிறுத்த அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. பரீட்சை போய்விட்டதே தவிர பயம் போகவில்லை. சித்தப்பா குளிக்கப் போனால் கிணற்றில் வாளிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

சித்தப்பாவுக்கு அந்தச் சீமை தெரியவந்தது ஒரு காலிப் புட்டியால். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி. பாண்டிச்சேரித் துறைமுகத்துக்கு மூட்டை அனுப்புகிறவர், ஒருமுறை விளக்கெண்ணெய் ஊற்றி வைக்க ஒரு ஒயின் புட்டி வாங்கி வந்தார். அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு பெரிய மாளிகை. இரண்டு பக்கமும் வரிசையாக உயர்ந்த மரங்கள். சித்தப்பா அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளு வருவது மரத்திலிருந்து. ஒயினும் போதைதான். புட்டியின் மேல் மரம் போட்டிருக்கிறான். பிறகு என்ன சந்தேகம்? எங்கள் பக்கத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பார்கள். திராட்சைப் பழம் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்து சுருங்கித்தான் அறிமுகம். அது எதில் காய்க்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

ஆகவே சித்தப்பாவின் நாவல்களில் திராட்சை முப்பதடி மரமாக நின்றது. வெள்ளைக்காரர்கள் இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஏறினார்கள். பாளை சீவிப் பானை கட்டினார்கள். முதல் நாவலில், மரத்தடியில் துரை செத்துக் கிடப்பார். மேலே தொங்கும் பானையில் சிவப்பாக இருப்பது ஒயினா ரத்தமா என்பது கடைசிப் பக்கம்வரை தெரியாது. சித்தி புடைப்பதையே நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"நம்ம வம்சத்துல கள்ளு வாசனை கண்டவன் கிடையாது. இவன் இன்னாடான்னா மரம் மரமா ஏறி எறக்கிக்கினு இருக்கான்" என்பார். ஒருநாள் மண்டியில் கணக்கெழுதாமல் சித்தப்பா கதை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இதோ பார்றா. இத்த வெச்சி ஒருத்தன், ஒரே ஒருத்தன், நம்ம வாசல்ல வந்து சிரிச்சான்னா, அன்னிக்கே அந்தப் பேனாவ அடுப்புல போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்காத."

சித்தப்பா பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அப்பா சொன்னதைச் செய்கிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான் அப்பா என்னைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார். ஒரு வியாபாரி வீட்டில் அப்பா உள்ளே பேசிக்கொண்டிருக்க, நான் தோட்டத்தில் நின்றேன். நம் வீட்டுப் புடலைப் பந்தல் போல ஒரு பந்தல். இலைகளுக்கு நடுவே பச்சைப் பச்சையாகக் கொத்து. "இது இன்னா காய்?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"திராட்சை, பாப்பா."

"மரம் எங்க?"

"மரமா? இது கொடிம்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான். அதுதான் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வரப்போகிறது. திரும்பி வரும்போது சுங்கக்காரர் மூட்டையைப் பிரிக்கையில், நான் தெரிந்துகொண்டதையும் வெளியே எடுத்து உதறிவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். சித்தப்பாவிடம் சொல்லலாமா? சொன்னால் அவர் மனம் உடைந்துவிடும். சொல்லாவிட்டால் வேறு யாராவது வந்து சொல்லுவார்கள். அன்று முதல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுவேன்.

அந்த மாதத்து நாவல், பிச்சைமுத்து திராட்சை மரத்தின் உச்சியில் ஒளிந்திருக்க, கீழே கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு அவனைத் தேடுவதில் முடிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரம் கழிந்து, முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். அத்தனை வெயிலிலும் காக்கிக் கோட்டைப் பொத்தான் போட்டிருந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். கையில் சித்தப்பாவின் புத்தகம்.

"பாப்பா, திராட்சைத் தோப்பு கத எழுதறவரு வூடு இதானே?"

"எதுக்கு?" என்றேன்.

"பாக்கணும். எனக்கு ஊரு இரும்பைக்கு அந்தாண்ட, பிரெஞ்சுக்காரன் எல்லை. பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டைல பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்தேன். பிரான்சுலதான் சண்டை. அந்த ஒயின் பண்ற ஊருலதான்."

நான் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சித்தப்பா ஊர்ல இல்ல."

உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. எழுதும்போது வசனத்தைச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம்: "அசையாதே! அசைந்தால் சுட்டுவிடுவேன்!"

வந்தவர் என்னைப் பார்த்தார். "ஊர்ல இல்லாதவரு ஜோரா கத்தறாரே" என்றார்.

அதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார். பட்டாளத்துக்காரர் என்று தெரிந்ததும் மரியாதையாக உள்ளே அழைத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். சித்தி மோர் கொண்டுவந்தாள். சித்தப்பா பேனா மூடியைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். பிரெஞ்சு தேசத்தைக் கண்ணால் கண்ட ஒருவர் தம் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

"நல்ல வேளையா வந்தீங்க" என்றார் அப்பா. "இவன் எழுதறது மெய்யா புளுகான்னு எங்களுக்கு இன்னாங்க தெரியும்? பாத்தவரு நீங்க. மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுங்க. புளுகுன்னா இன்னியோட நிறுத்திக்கட்டும்."

சித்தப்பா பயப்படவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பரீட்சையில் முதல் மார்க்கு வரும் என்று நம்பியிருக்கிற பிள்ளையைப் போல முகம் மலர்ந்திருந்தார். "ஒரே ஒரு சந்தேகங்க" என்றார். "நான் முப்பதடின்னு எழுதிக்கினு வர்றேன். மெய்யா அந்த மரம் எம்மா ஒசரம் இருக்கும்?"

வந்தவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளங்கை கீழே பார்க்க, அவருடைய வலது கை இடுப்பருகே வந்து அப்படியே நின்றது. கால் சரியில்லாதவர், எழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் கண் எங்கள் ஒருவர் மேலும் இல்லை. கையைப் பார்த்தார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கை மெல்ல மெல்ல மேலே போயிற்று. மார்பு, தோள், தலை. நல்ல காலில் எம்பி, உத்தரத்தைத் தொடுகிறவர் போல நின்றார்.

"இதுக்கும் மேலங்க. நம்ம பனை மாரி. ஒரு ஆளு ஏறி மட்டைக்குள்ள குந்திக்கினான்னா, கீழ நிக்கறவன் தலகீழா நின்னாலும் தெரியாது."

"பாத்தியா, அண்ணா!" என்று சித்தப்பா கத்தினார்.

அப்பா அசந்துபோனார். "அப்பிடியா? ஒயின காலைல எறக்குவானுங்களா, சாயங்காலமா?"

"ரெண்டு வேளையும்."

"நம்ம ஆளுங்க மாரியே!" என்றார் அப்பா. தம்பிக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுக்கச் சொன்னார். நான் கதவை விட்டேன்.

வந்தவர் உட்கார்ந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இந்தப் பிச்சைமுத்து. இவன மரத்து மேலயே வுட்டுட்டீங்களே. இன்னா ஆவான்?"

"கொன்னுடலாம்னு இருக்கேங்க" என்றார் சித்தப்பா, தொழில் ரகசியத்தைச் சொல்லும் குரலில். "அப்பத்தான் முசே நாகலிங்கத்துக்கு ஒரு வெறி வரும்."

"வாணாங்க."

அவர் சொன்னது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்: "வாணாங்க. அதத்தான் கேக்க வந்தேன். பத்தொம்போது வயசுன்னு எழுதிக்கிறீங்க. என் தம்பிக்கும் அதான் வயசு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கப்பல் ஏறினோம்."

"தம்பி இப்ப எங்க இருக்காரு?" என்று அப்பா விசாரித்தார்.

"அங்கதாங்க. அந்தத் தோப்புலயே."

"பரவால்லியே! அங்கியே வேல கெடைச்சிட்டுதா? வெள்ளைக்காரன் சம்பளம், சும்மாவா?"

அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க" என்றார்.

சித்தப்பாவுக்கு இளகின மனசு. தாம் போட்டு வைத்திருந்த கொலையை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டார். பிச்சைமுத்து மரத்துக்கு மரம் தாவித் தப்பித்துவிடுவான், கவலை வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தார். உள்ளே போய் முதல் நாவலில் இரண்டு பிரதி கொண்டுவந்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு தம்பிக்குங்க. கப்பல் தபால்ல அனுப்பிடுங்க. அந்த ஊர்லயே இருக்கறவரு படிச்சாருன்னா எனக்கு எம்மா பெரும!" என்றார்.

அவர் எழுந்து நின்று, இரண்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோட்டின் பொத்தானைக் கழற்றி, தம்பியின் புத்தகத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வழி காட்ட அப்பா என்னை அனுப்பினார். வேப்பமரத்தடி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"நான் பாத்துட்டேன். பாண்டிச்சேரில. அது கொடி. நீங்க ஏன் மரம்னு சொன்னீங்க?"

அவர் நின்றுவிட்டார். "பாத்துட்டியா? யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா அப்பா சித்தப்பாவோட பேனாவ அடுப்புல போட்டுடுவாரு."

அதற்கு அவர் சிரித்தார். நான் பயந்துகொண்டிருந்த சிரிப்பு இல்லை அது. பஸ் வந்தது. காலைத் தூக்கி வைத்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு குனிந்து சொன்னார்: "மரமாவே இருந்திருக்கலாம், பாப்பா."

சித்தப்பாவிடம் எனக்கு இருந்த அதே பரிவு இவருக்கும் இருக்கிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். வீட்டுக்குக் குதித்துக் குதித்து ஓடினேன்.

அடுத்த நாவலில் பிச்சைமுத்து தாவித் தாவி விடியும்போது சமுத்திரக் கரைக்கு வந்துவிட்டான். அப்பா மண்டியில் எல்லோரிடமும் "பாத்தவரே சொல்லிட்டுப் போனாரு" என்று சொல்லத் தொடங்கினார். பிறகு அடுத்த சண்டை மூண்டு, காகிதத்துக்குப் பஞ்சம் வந்துதான் திராட்சைத் தோப்பு நின்றது. பேனா அடுப்புக்குப் போகவில்லை.

எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு வாரப் பத்திரிகையில் அந்தச் சீமையின் படம் பார்த்தேன். பந்தல்கூட இல்லை. குச்சி நட்டு, செடி செடியாய், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மட்டம். நடுவில் நின்ற ஒரு ஆளுக்கு அது இடுப்பளவுதான் வந்தது. ஒளிய ஓர் இடமில்லை. பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். என் கை தானாக இடுப்பருகே வந்து நின்றது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் போன பிறகு எனக்கு வந்தது வேறு கவலை. அண்ணன் நல்லவர், காட்டிக்கொடுக்கவில்லை. தம்பி எப்படியோ? அந்தத் தோப்பிலேயே இருக்கிறவர் ஆயிற்றே. புத்தகம் கைக்குப் போய், படித்துப் பார்த்து, இதெல்லாம் புளுகு என்று அப்பாவுக்கு ஒரு கடிதாசி போட்டுவிட்டால்? தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மழைக்காலம் வந்து போயிற்று. மல்லாட்டை அறுவடையும் ஆயிற்று. பிரெஞ்சு தேசத்துக் கடிதாசி வரவேயில்லை.

தம்பியும் அண்ணனைப் போலவே நல்லவர்தான் என்று முடிவு செய்தேன்.