'தெரியல சார்' என்று சொன்ன காலை

காரைக்கால் கோட்டுச்சேரிமேடுதான் என் ஊர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். துணை விமானியாகச் சேர்ந்த புதிதில், ஒரு போகி காலையில் சென்னையிலிருந்து புறப்பட்டோம். பனியோடு போகிப் புகையும் சேர்ந்து தரையே தெரியவில்லை. கேப்டன் விமானத்தை ஓடுபாதை நோக்கி மெல்ல உருட்டினார். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது என் வேலை.

"இது எந்தத் திருப்பம்மா?" என்றார்.

இரண்டாவதா மூன்றாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. தவறினால் அனுமதி இல்லாமலே ஓடுபாதைக்குள் போய்விடுவோம். பின்னால் பயணிகள் நிறைந்திருந்தார்கள். ஊரில் மருந்துச் சீட்டிலிருந்து படகு மானிய விண்ணப்பம் வரை எல்லோருக்கும் படித்துச் சொல்பவள் நான். தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லை. 'மூணாவது' என்று வாய்வரை வந்துவிட்டது.

"தெரியல சார். நிறுத்துங்க."

பிரேக் பிடித்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அவர் தகவல் சொல்லி முடிப்பதற்குள், புகைக்குள்ளிருந்து ஒரு விமானம் இரைச்சலோடு எங்கள் மூக்குக்கு முன்னால் ஓடி மேலெழுந்தது.

மாலையில் அம்மா போனில் கேட்டாள். "வழியெல்லாம் சரியா சொன்னியாடி?"

"தெரியலன்னு சொன்னேம்மா."

"இதுக்கா இவ்வளவு படிச்ச!" என்று சிரித்தாள்.

ஆமாம், இதற்கும்தான் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.