ஒரே பெட்டியில் இரண்டு முனை

எங்கள் பள்ளி கொடைக்கானலிலிருந்து கவுஞ்சி போகும் வழியில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் ஒருத்திதான் ஆசிரியை. பிள்ளைகள் ஒன்பது பேர், அதில் ஏழு பேர் பெண்கள். பெரும்பாலும் கேரட்டும் பூண்டும் போடும் வீட்டுப் பிள்ளைகள்.

போன மழைக்காலத்தில் தாளாளர் அந்தப் பிரிவையே மூடிவிடலாம் என்றார். மழை பிடித்தால் நாள்கணக்கில் நெட் வராது, நெட் இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன பாடம் நடத்துவது, வேண்டுமானால் பிள்ளைகள் டவுன் பள்ளிக்குப் போகட்டும் என்பது அவர் வாதம். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்பி இருட்டில்தான் வீடு திரும்ப முடியும். அப்படி அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். ஏழு பெண்களின் படிப்பும் அத்தோடு நின்றுவிடும். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

"பக்கத்து வீட்டுக்குக் குழம்பு குடுக்க பஸ் ஏறியா போறோம் சார்?" என்று கேட்டுவிட்டேன்.

பிறகு நிதானமாகச் சொன்னேன். லேபில் உள்ள பத்து மெஷின்களிலிருந்தும் தலா ஒரு வயர், மெஷின்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு வருகிறது. பிள்ளைகள் செய்யும் வேலையெல்லாம் என் மெஷினில் சேர்ந்திருக்கும், அவரவர் இடத்திலிருந்தே அதை எடுத்துச் செய்வார்கள். பெட்டியிலிருந்து ஒரே ஒரு வயர்தான் சுவரில் இருக்கும் ரூட்டருக்குப் போகிறது, வெளியுலகம் அந்த வழியாக வருகிறது. அது போனால் வெளியுலகம் போகும், லேபுக்குள் ஒன்றும் நிற்காது. நேரில் வந்து பாருங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

வியாழன் சாயங்காலம் மழையோடு இடி. எங்கள் பக்கத்தில் இடி கேட்டால் யாரும் யோசிப்பதில்லை, டிவியோ மோட்டாரோ, கண்ணில் பட்ட வயரை முதலில் பிடுங்கிவிடுவார்கள். பள்ளியில் உதவியாளராக இருக்கும் அக்காவும் பூட்டும் முன் லேப் வயர்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார். சிலதைப் பெட்டிப் பக்கம், சிலதை மறுபக்கம், கைக்கு எந்த முனை எட்டியதோ அந்த முனையை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மின்னலில் இரண்டு மெஷின்களை நாங்கள் ஏற்கெனவே பறிகொடுத்திருக்கிறோம்.

மறுநாள் வெள்ளனே போய் எல்லாவற்றையும் திரும்பச் செருகினேன். எந்த முனையும் தொங்கிக்கொண்டிருந்தால் எனக்குப் பிடிக்காது. தொங்கியதையெல்லாம் காலியாக இருந்த ஓட்டைகளில் செருகிவிட்டு மெஷின்களை ஆன் செய்தேன். ஒரு மெஷினுக்கு இன்னொரு மெஷின் தெரியவே இல்லை. பெட்டியின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டன. மணி ஒன்பதரை தாண்டியிருந்தது, பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அக்காவைக் கூப்பிட்டு, கண்டபடி இழுத்துப் பெட்டியையே கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் தலையைக் குனியவில்லை.

"நான் புடுங்குனதோட சரிங்க டீச்சர். ஒரு வயரையும் சொருகலீங்க," என்றார்.

சுருக்கென்றது. அவர் போன பிறகு தரையில் உட்கார்ந்தேன். தாளாளர் வருவதற்குள் இதைச் சரி செய்யாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு வயராகப் பெட்டியிலிருந்து அது போய்ச் சேரும் இடம்வரை கையால் தடவிக்கொண்டே போனேன். ஒன்பதாவது வயர் பெஞ்சுக்கு அடியில் வளைந்து, புறப்பட்ட பெட்டிக்கே திரும்பி வந்தது. ரூட்டருக்குப் போக வேண்டிய வயர். ரூட்டர் பக்கம் பிடுங்கிக் கிடந்த முனையை நானே காலையில் பெட்டியில் செருகியிருக்கிறேன். அனுப்பிய செய்தியெல்லாம் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வழியை அடைத்திருக்கிறது. அந்த முனையை உருவினேன். விளக்குகள் அடங்கின, மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

உருவிய முனையை ரூட்டரில் செருகாமலே வைத்திருந்தேன், அதனால் தாளாளர் வந்தபோது நெட் இல்லை. கடைசி வரிசைப் பெண் தன் மெஷினில் எழுதியதை என் மெஷினில் திறந்து காட்டினேன். அவர் ரூட்டர் அருகே போய்ப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை செய்யச் சொன்னார். அவள் செய்தாள். அடுத்த வருஷமும் பிரிவு இருக்கட்டும் என்றார். எழுந்து போகும்போது, உதவியாளர் காலையில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாகத் தலைமை ஆசிரியை சொன்னாரே, இனி அந்த அம்மா லேபுக்குள் வர வேண்டாம் என்றார்.

நான் கத்தியது ஆபீஸ்வரை கேட்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிரிவு பிழைக்கும். லேபை நடத்துகிறவளே கெடுத்தாள் என்று தெரிந்தால் அவர் மனது மாறலாம். உண்மையாகவே பயந்தேன்.

"கெடுத்தது நான்தான் சார். அக்கா இல்ல," என்றேன்.

அவர், சரி செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். ஒவ்வொரு வயரிலும் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டச் சொன்னார். பிரிவு இருக்கட்டும் என்ற சொல்லை மாற்றவில்லை, அக்கா லேபுக்குள் வர வேண்டாம் என்ற பேச்சையும் அதோடு விட்டார்.

சாயங்காலம் அக்காவைத் தேடிப் போய், தாளாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

"ஏசுனது பிள்ளைக முன்னாலதானங்க டீச்சர்," என்றார் அக்கா.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிய ஒன்பது பேரையும் திரும்ப லேபில் உட்கார வைத்தேன். அக்காவை உள்ளே கூப்பிட்டேன்.